லாரி ஏறிப் போனவன் பாட்டு

ஒரு பாட்டைப் பற்றி அளந்துவிடும் முன், அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுத் தொலைக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு ரிசப்ஷன் மேடையில், கோட்டு சூட்டோடு, வருங்கால மாமனார் முறைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

2011-இல் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் டீம் லீடராக இருந்தேன். (டீம் என்றால் நாலு பேர். அதில் ரெண்டு பேர் எப்போதும் லீவு.) எங்கள் அசெம்ப்ளி லைனில் ஒவ்வொருவர் நிற்கும் இடத்துக்கும் ஸ்டேஷன் என்று பெயர், தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். வேலையில் ஏதாவது சிக்கினால் அதை இழுக்க வேண்டும். உடனே ஸ்பீக்கரில் ஒரு பாட்டின் மெட்டு அலறும். டீம் லீடரும் சூப்பர்வைசரும் போட்டது போட்டபடி ஓடிவந்து, சரிசெய்து, கயிற்றை இன்னொரு தரம் இழுத்தால்தான் மெட்டு அடங்கும். முதல் வரி முடிவதற்குள் அடங்காவிட்டால் லைனே நின்றுவிடும். அப்புறம் எங்களுக்கு அர்ச்சனை.

அந்த மெட்டைத் தேர்ந்தெடுத்து வைத்தவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆலோசகர். கிராமத்துப் பிடிலையும் எலெக்ட்ரிக் கிடாரையும் கலந்து அடித்த பழைய கன்ட்ரி ராக் பாட்டாம். அவர் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் அந்த ஊர் ஹைவே டீக்கடைகளில் எல்லாம் (அங்கே ஏது டீக்கடை என்று கேட்காதீர்கள், எனக்கு அப்படித்தான் புரிந்தது) அதுதான் ஓடுமாம். இன்றைக்கும் பேரன் பேத்திகள்வரை பாடுகிறார்களாம். மீட்டிங்கில் கண் கலங்கச் சொன்னார். நாங்களும் தலையாட்டிவிட்டு கேன்டீனுக்கு ஓடினோம். அன்றைக்கு பஜ்ஜி.

நிச்சயம் முடிந்ததும் கலைச்செல்வி போனில் பேசினாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், எம்.ஏ. ஆங்கிலம். நானோ தூத்துக்குடி பக்கம், டிப்ளமோ, அதிலும் ஒரு அரியர். இந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்றாள்.

"இங்கிலீஷ் கன்ட்ரி ராக் மட்டுந்தான்," என்றேன் கூசாமல். பாட்டின் பெயரைச் சொன்னேன். ஆலோசகர் சொன்ன வரலாற்றை என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? "அங்க புருஷன் பொண்டாட்டி ஜோடியா பாடுத கல்யாணப் பாட்டு அது!" என்று மசாலாவும் சேர்த்தேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "அந்தப் பாட்ட ரிசப்ஷன்ல வெச்சே ஆவணும்." குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கல்யாணமும் வந்தது. காலையில் முகூர்த்தம், அதற்கு முந்தின சாயங்காலம் ரிசப்ஷன். லைட் மியூசிக்காரர்கள் பாட்டை முழுசாகப் பழகி வந்திருந்தார்கள். கிடார் முதல் இழுப்பு இழுத்ததுதான் தாமதம், பந்தியில் இருந்த எங்கள் ஷிஃப்ட் மொத்தமும் இலையை விட்டு எழுந்தது. சூப்பர்வைசர் இசக்கி அண்ணன் ரசம் சொட்டும் கையோடு மேடையை நோக்கி ஓடிவந்தார். "ஏலே, எந்த ஸ்டேஷன்லே?" தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பெண் வீட்டார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார்கள்.

பாடகன் அசரவில்லை. நான் ஜென்மத்தில் கேட்டிராத இரண்டாவது வரிக்குப் போய்விட்டான்.

"இன்னாம்மா சொல்றான் இவன்?" என்று மேடையில் நின்ற அவள் அப்பா கேட்டார்.

"பொண்டாட்டிய வுட்டுட்டு லாரி ஏறிப் போறாம்பா. இனிமே வூட்டுக்கே வரமாட்டானாம்," என்றாள் கலைச்செல்வி, முகத்தை மிகவும் சாதுவாக வைத்துக்கொண்டு.

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா மாப்ள, தாலி கட்றதுக்கு மின்னாடியேவா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த வேலையைச் செய்தது என் கை, நான் இல்லை. பாட்டை நிறுத்த வேண்டும், தலைக்கு மேலே ஏதோ தொங்குகிறது. இழுத்தேன். தொங்கியது பூச்சரம். தெர்மகோலில் வெட்டிய எங்கள் பெயர்கள், பின்னால் இருந்த பூ அலங்காரம், சீரியல் லைட் எல்லாம் அவர் தலையில் இறங்கின. ஃபியூஸ் போய்ப் பாட்டும் நின்றது.

"அடங்கிட்டுலே," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு இசக்கி அண்ணன் பந்திக்குத் திரும்பினார்.

கல்யாணம் நின்றுவிட்டது, ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது கலைச்செல்வி சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மேக்கப் கரையச் சிரித்தாள். மகளைப் பார்த்துக்கொண்டே நின்ற அவள் அப்பா, வாயில் போன ரோஜா இதழைத் துப்பினார். "சரி வுடு. கம்பெனி வேல மூளைய இன்னாமோ பண்ணிக்கீது." காலையில் தாலி கட்டினேன். நாதஸ்வரம் மட்டும்.

இன்றைக்கும் நான் பையைத் தூக்கினால் மாமனார் கேட்பார்: "மாப்ள, ஷிஃப்டுக்கா, லாரிக்கா?" வீடே சிரிக்கும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் கலைச்செல்வி உண்மையைச் சொன்னாள். நான் போனில் அளந்த அன்றே பாட்டைத் தேடிக் கேட்டுவிட்டாளாம். "கடைசி சரணத்துல அவன் லாரியத் திருப்பிக்கினு வூட்டுக்கே வந்துடுவான். நீங்கதான் அதுக்குள்ள இழுத்துட்டீங்க."

"அடிப்பாவி! அத ஒங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நான் ஏன் சொல்லணும்? முழுசா கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

இன்னும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் வரி வந்ததும் எழுந்து ஓடிவிடுகிறேன்.