பேத்தியின் பால் பதிவேடு

பேரன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான், மகள், ஐந்து வாரப் பேத்தி மூவரும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் அவர்களுடைய முழங்காலும் நலம்தானா?

ஞாயிற்றுக்கிழமை வரும்போது பால்பவுடர் டப்பா வேண்டாம் என்று சொல்லவே இக்கடிதம். போன வாரம் "தாய்ப்பால் பத்தவில்லை" என்று தொலைபேசியில் சொன்னவன் நான்தான். அது பிழை. பிழை நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையைப் பார்க்க வந்த செவிலியர் ஒரு படிவம் நிரப்பினார், எட்டிப் பார்த்தேன். எங்கள் பகுதியில் பத்துத் தாய்மார் தொடங்கினால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பவர் மூன்று பேராம். ஒரு வகுப்பில் பத்துக்கு மூன்று பேர்தான் தேறுகிறார்கள் என்றால் பிள்ளைகளையா குறை சொல்வோம்? பள்ளிக்கூடத்தைத்தானே பார்ப்போம்? "மத்த ஏழு பேரும் ஏம்மா விட்டுட்டாங்க?" என்றேன். "அதைக் கண்டுபிடிச்சா வயித்துப்போக்கு, காதுவலின்னு வர்ற கூட்டம் எவ்வளவோ குறையும் சார்" என்றார். இதைக் கேட்டபின் சும்மா இருப்பேனா? கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். "ரிட்டயர் ஆனவங்க செடி வளப்பாங்க. நீங்க என்ன சார், இதெல்லாம் கேட்டுக்கிட்டு!" என்று முறைத்தவர், பிறகு, "திரும்ப வேலைக்குப் போனதும் நின்னுபோச்சு. அந்தக் கம்பெனியில உக்காந்து குடுக்க எடம் ஏது? துணிமூட்டை மேலயா?" என்றார். ஒரு காரணம் கிடைத்தது. இன்னொரு காரணம் எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது எனக்குத் தெரியவில்லை.

பேத்தி பால் குடிக்கும் நேரத்தையெல்லாம் வருகைப் பதிவேடு போலக் கட்டம் போட்டு, பழக்கதோஷத்தில் சிவப்பு மையில் எழுதி மாட்டியிருந்தேன். நாளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு தடவை. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி அழுதால் "மீண்டும் பசி" என்று அடிக்கோடு. அதைப் பார்த்துப் பார்த்தே மகள், "எனக்குப் பால் பத்தலப்பா" என்று அழத் தொடங்கினாள். அழுகைக்கும் ஒரு கட்டம் போடலாமா என்று யோசித்தவன் நான்.

நேற்று செவிலியர் மறுபடி வந்து எடை பார்த்தார். "நல்லா ஏறியிருக்கா. ஈரத்துணியும் ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல விழுது. பால் தாராளமா இருக்கும்மா. இந்த வயசுல இத்தனை தடவை குடிக்கத்தான் செய்யும்" என்றவர் சுவரைப் பார்த்தார். "இது யாரு எழுதினது?"

நாற்பது ஆண்டு வகுப்பில் பிள்ளைகளிடம் நான் கேட்ட கேள்வி. எழுந்து நின்றேன்.

"சார், சிவப்பு மையில மார்க் போட்டா எந்தப் பொண்ணுக்குத்தான் தைரியம் இருக்கும்? இதைக் கழட்டிட்டு, அந்த நேரத்துல அவளுக்கு ஒரு தட்டு சாப்பாடு எடுத்து வைங்க."

மகள் சிரித்தாள், மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. விட்டுவிடும் ஏழு பேரில் இவளையும் நானே சேர்த்திருப்பேன் சம்பந்தி.

அங்கே பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. நடுவில் இருப்பவர்கள் தங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: மகள் இதைப் படித்துவிட்டாள். "இதைப் போய் மாமாவுக்கு எழுதுவீங்களா!" என்று கிழித்தும் போட்டாள். அவள் கிழித்தது நல்ல பிரதி. இது ரஃப் நோட்டில் எழுதியது, அடித்தல் திருத்தலைப் பொறுத்தருள்க. ஆகவே அவளைப் பொறுத்தவரை இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வரவே இல்லை. டப்பாவை நீங்களாகவே மறந்துவிட்டு வருகிறீர்கள்.