ஒப்பீட்டுத் தெருவின் விசில் அக்கா

ஓர் ஆராய்ச்சியைத் தன்னந்தனியாகக் கவிழ்க்கும் வல்லமை பெங்களூரில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஜோகுபாளையத்து விசில் அக்கா. தொம்மலூரில் ஓர் அலுவலக வாசலில் செக்யூரிட்டியாக இருந்தவர். வேலையை விட்டார், விசில் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

சர்க்கரை நோய் வராமல் தடுக்க, ஒரு தொண்டு நிறுவனம் அங்கே ஒரு தெருவில் நடைப்பயிற்சியும் சமையல் வகுப்பும் நடத்தியது. அதனால் பலன் உண்டா என்று அளப்பது என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் நடத்தாத இன்னொரு தெரு வேண்டும். அங்கே ரத்தப் பரிசோதனை மட்டும்தான். போதாத காலம், அக்காவின் தெருவைத் தேர்ந்தெடுத்தேன்.

"அவங்களுக்குக் கிளாஸு, எங்களுக்கு ஊசியா? இன்னா சார் நியாயம் இது?"

"ஒரு வருஷம் பொறுங்கக்கா. அப்புறம் உங்க தெருவுக்கும் வரும்."

"எங்க அண்ணனுக்குச் சக்கரையில காலையே எடுத்துட்டாங்க. சக்கரை உங்களுக்காக ஒரு வருஷம் வெயிட் பண்ணுமா?"

ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன்.

அடுத்த வகுப்பில் கடைசி வரிசையில் முக்காடு போட்ட ஓர் உருவம். விசில் வெளியே தொங்கியதால் மாறுவேடம் பலிக்கவில்லை. வெளியே அனுப்பினோம். ஜன்னலோரம் நின்று கேட்டார். ஜன்னலைச் சாத்தினோம்.

"சொல்ப சத்தமா சொல்லும்மா!" என்று வெளியிலிருந்து கன்னடம் கலந்த குரல் வந்தது. வகுப்பெடுத்த பெண்ணும் சத்தமாகவே சொன்னாள்.

அதன் பிறகு அக்காவின் தெரு விசில் சத்தத்தில்தான் விடிந்தது. எழுந்து வராத வீட்டு வாசலில் நின்று, ஆள் வரும்வரை ஊதுவார். தெருவே திரண்டு அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தது. ஒரு கல்யாணத்தில் இரண்டாவது மைசூர்பாகுக்கு நீண்ட மாப்பிள்ளையின் கை, விசில் கேட்டு அப்படியே நின்றதாம்.

வருடக் கடைசியில் பார்த்தால், இரண்டு தெருவிலும் சர்க்கரை ஒரே மாதிரி குறைந்திருந்தது.

"வித்தியாசமே இல்லையேப்பா! திட்டத்தால பலன் இல்லைன்னு மூடிடுவாங்க" என்று மேலதிகாரி தலையில் கைவைத்தார்.

திட்டம் அக்கா வழியாகத் தெரு தாண்டிவிட்டது என்று அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். தொண்டு நிறுவனத்தின் மேலிடத்தார் நம்பாமல் நேரில் வந்தார்கள். அக்கா அவர்களையும் விசில் ஊதி நடக்க வைத்தார். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்த அவர்களின் தலைவர், "ரெண்டு தெருவுலயும் நடத்துங்க. என்னை மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றார்.

இப்போது வேறோர் ஊரில் வேறொரு திட்டத்தை அளக்கிறேன். அங்கே ஒப்பீட்டுத் தெரு சொன்னபடி கேட்கிறது. முடிவுகளில் ஒரு குழப்பமும் இல்லை. அந்தத் தெருவுக்குள் போகும்போதெல்லாம், இவர்களுக்கு இப்படி ஓர் அக்கா வாய்க்கவில்லையே என்றிருக்கிறது.