பங்களாவில் காய்த்த திராட்சை

"உன் கை சும்மாவே இருக்காதா?" என்றான் கந்தசாமி.

பங்களாத் தோட்டத்துத் திராட்சைக்கொடி நுனியில்லாமல் நின்றது. வேலாயி என்ன செய்வாள், பாவம்! பகலெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். புருஷனோடு பேசிக்கொண்டே இளந்தளிரையெல்லாம் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

அது லேசுப்பட்ட கொடியா? துரையின் அப்பா சீமையில் பரம்பரையாக ஒயின் போடுகிறவர். அவர் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த கன்று. அடுத்த மாதம் கிழவரே பார்க்க வருகிறார். அதற்குள் காய்க்காவிட்டால் தோட்டக்காரன் கந்தசாமி பழையபடி தேயிலைக்கு மருந்தடிக்கப் போகவேண்டும். அந்த நெடியில் அவன் நெஞ்சு பட்ட பாடு வேலாயிக்குத்தான் தெரியும்.

துளிர்க்கட்டுமென்று தேயிலை உரத்தை அள்ளிப் போட்டான். இலை கருகியது. சூடு தணியட்டுமென்று குழாயைத் திறந்துவிட்டான். இருந்த நாலு பூவும் கொட்டிப்போனது.

"பேசாம தானா ராத்தா டவுனுக்குப் போயி, சலீம் பாய் கடையில பழம் வாங்கிக் கொடியில கட்டிருலா," என்றாள் வேலாயி.

"துரைய ஏமாத்தச் சொல்றியா?"

"அப்ப மருந்தடிக்கப் போ."

கந்தசாமி பஸ் ஏறினான். கறுப்புத் திராட்சைதான் கிடைத்தது. கிழவர் வந்திறங்கும் அன்று விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கொத்துக் கொத்தாக நூல் போட்டுக் கட்டினார்கள்.

கிழவர் வந்தார். கொத்தைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அவர் ஏதோ சொல்ல, துரை நெற்றியைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"எங்க ஊருல இது பச்சையாத்தான் காய்க்கும். வேற மண்ணுல வேர் பிடிச்சதால கறுத்துப் போச்சாம். அப்பாவுக்கு ரொம்பச் சந்தோசம். நீ தோட்டத்துலயே இரு, கந்தசாமி."

வேலை தங்கிவிட்டது. ஆனால் அன்று மத்தியானம் கந்தசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அதட்டிப் பேசாத மனுஷனை அவர் அப்பா முன்னாலேயே ஏமாற்றிவிட்டோமே! கொடியில் நூல் இருப்பது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும், துரையிடம் சொல்லிவிடலாம் என்று பங்களாவுக்கு நடந்தான்.

வாசலில் துரையின் டிரைவர் ராஜு மறித்தான். கையில் ஒரு கூடை, நிறையப் பச்சைத் திராட்சை.

"அண்ணே, இத என்ன செய்யிறது? கொடி காய்க்கலன்னா துரையும் சீமைக்கே திரும்பி வந்துரணும்னு பெரியவரு சொல்லிட்டாராம். துரை காலையில இதக் குடுத்து, யாருக்கும் தெரியாமக் கட்டிருன்னாரு. போயிப் பாத்தா, கட்ட எடமே இல்லலா!"