சாம்பல் கோட்டும் ஒரு தற்காலிக ஓட்டும்

அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமை காலை நான் ஒரு முடிவோடு எழுந்தேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக லவோனுக்கு எதிராக ஒரு காரியம் செய்யப் போகிறேன். அதுவும் அவளுக்குத் தெரியாமல். வீரம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு பல் தேய்த்தேன்.

விஷயம் கோழி. ஒஹையோவில் எங்கள் ஊர் சின்னது, முந்நூறு ஓட்டு விழுந்தாலே திருவிழா. வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழி வரை வளர்க்கலாமா, கூடாதா என்று அந்தத் தேர்தலில் ஊரையே கேட்டிருந்தார்கள். கேட்க வைத்தவள் என் மனைவி லவோன். வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள். கோழி வந்தால் கூண்டு எங்கே என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் ஷெட்டில்தான்.

எட்டடிக்குப் பத்தடி ஷெட். ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, ஒரு குட்டி ஹீட்டர். வீடு லவோனுடையது, நான் அதில் குடியிருக்கிறேன். ஷெட் மட்டும் என்னுடையது. பேஸ்பால் காலத்தில் அங்கே போய் உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். லவோன் கதவருகே வந்து என்னென்னவோ சொல்லுவாள். நான் "சரி, சரி" என்பேன். என்ன சொன்னாள் என்று கேட்டால் தெரியாது. எங்கள் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுவதே அந்தச் "சரி"யால்தான் என்று மனதார நம்பியிருந்தேன். அங்கே ஆறு கோழி குடியேறினால் நான் எங்கே போவேன்?

ஆனாலும் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் முட்டாள் இல்லை. வாசலில் "கோழிக்கு ஆமாம்" என்ற பலகையைச் சுத்தியலால் அடித்து நட்டவனே நான்தான். ஓட்டுதான் ரகசியமாயிற்றே. பெண்டாட்டி எட்டிப் பார்க்க முடியாத இடம் இந்த நாட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது.

லவோனுக்கு அன்று ஓட்டுச்சாவடியில் வேலை. பெயரைச் சரிபார்க்கும் மேஜை வருஷா வருஷம் அவளுக்குத்தான். கிளம்பும்போது சொன்னாள்.

"ஏங்க, வெளியில குளிரு. வரும்போது அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுட்டு வாங்க."

"சரி, சரி."

போடவில்லை. அது அவள் வாங்கித் தந்த கோட். அதைப் போட்டால் நான் சவப்பெட்டி வியாபாரி மாதிரி இருப்பேன். தவிர, அன்று என் சுதந்திர தினம். சட்டையோடு போனேன்.

சாவடி சர்ச் கூடத்தில். நூறடிக்கு முன்னால் நட்டிருந்த குட்டிக் கொடிகளைத் தாண்டிப் பிரசாரம் கூடாது. லவோன் தன் கோழித் தோடுகளைக்கூடக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள். சட்டமென்றால் அவளுக்கு அவ்வளவு பக்தி. அந்த பக்தி என் மேலேயே பாயும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"பேர் சொல்லுங்க."

"லவோன், நான்தான்."

"பேர் சொல்லுங்க சார்."

"ஆர்லோ கிளிங்கர்."

"முகவரி?"

"நீ இருக்கிற அதே வீடுதான்."

"நான் எங்க இருக்கேன்னு இங்க எழுதியில்ல சார். நீங்க எங்க இருக்கீங்க?"

சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள்.

"அக்டோபர் பத்தொன்பதோட காலாவதி ஆயிடுச்சு."

"புதுசுக்கு எழுதிப் போட்டாச்சு. தபால்ல வந்துக்கிட்டே இருக்கு. படத்துல இருக்கிறது நான்தானே?"

"படத்துல இருக்கிறது நீங்கதான்."

"முப்பத்திரண்டு வருஷமா என் கூட இருக்கே. நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். மேஜைக்குத் தெரியாதே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு வழி இருக்கு சார். வீட்டுக்குப் போய் அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுட்டு ஏழரைக்குள்ள வாங்க."

"கோட்டைப் போட்டா லைசென்ஸ் தேதி மாறிடுமா?"

"மாறினாலும் மாறும்."

நாலு பேர் முன்னால் என்ன நக்கல் பாருங்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ரெண்டாவது வழியைச் சொல்லு."

"தற்காலிக ஓட்டு. சீட்டை உறையில போட்டுத் தனியா வச்சிடுவோம். நாலு நாளைக்குள்ள கவுண்டி தேர்தல் ஆபீஸ்ல அடையாளம் காட்டினா எண்ணுவாங்க."

"அதைக் கொடு. என் உரிமை."

உறையின் மேல் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே வைத்த சீட்டில் "வேண்டாம்" என்று வட்டத்தை அழுத்தி நிரப்பியிருந்தேன். பேனா அடுத்த பக்கத்தில் தெரிகிற அளவுக்கு.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு டெல்பர்ட் வேலி மேல் சாய்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டான். கோழி வேண்டாம் கட்சிக்கு அவன்தான் தலைவன்.

"டேய், ஆமாம் நூத்து நாற்பத்து மூணு. வேண்டாம் நூத்து நாற்பத்து ரெண்டு."

"போச்சா?"

"இன்னும் போகல. ஒரே ஒரு உறை பாக்கி இருக்கு. யாருதுன்னு ஊருக்கே தெரியும். அது வேண்டாம்னா சமம். சமமா வந்தா கோழி தோத்துப் போச்சுன்னு அர்த்தம்."

"எண்ணினதும் நான் என்ன போட்டேன்னு லவோனுக்குத் தெரிஞ்சுடுமே."

"தெரியட்டும். அவ பேசாம இருக்கிறது ஒரு மாசம். ஷெட் ஆயுசுக்கும்ல. சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் ஆபீஸ். போய்க் காட்டிட்டு வா."

யோசித்துப் பார்த்தேன். அவள் பேசாமல் இருக்கும் ஒரு மாசத்தை ஷெட்டிலேயே கழிக்கலாம். லாபம்தான்.

அன்று சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"தபால்ல லைசென்ஸ் வந்ததும் கவுண்டி ஆபீஸ் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும்."

"எதுக்கு?"

"என் ஓட்டை எண்ண வேண்டாமா?"

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? கோழிக்குத்தான்."

"அப்ப நாம ஜெயிச்சாச்சே. உங்க ஓட்டையும் சேர்த்தா ரெண்டுல ஜெயிப்போம், சேர்க்காட்டி ஒண்ணுல. இதுக்குப் போய் இருபது மைல் போவாங்களா?"

வாயில் போட்ட இறைச்சி அங்கேயே நின்றது.

"அது வந்து, குடிமகன் கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. குழாய் ஒழுகுதே, அதை மாத்தறதும் கடமைதான். உருளைக்கிழங்கு போடட்டுமா?"

அதற்கு மேல் பேசினால் மாட்டிக்கொள்வேன். லைசென்ஸ் ஆபீசுக்கே போய்க் கேட்கலாம் என்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது லவோனின் இரும்புப் பெட்டியில். ஆக, தபாலை அவளுக்கு முன்னால் நான் பிடித்தாக வேண்டும். எங்கள் வீட்டில் தபாலைப் பிரிப்பது எப்போதும் அவள்தான். நான் அந்தப் பக்கமே போனதில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால் பெட்டியருகே போய் நின்றேன். காற்று எலும்பைத் தொட்டது. லவோன் கதவைத் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"காத்து அது பாட்டுக்கு உங்களை வாங்கிடப் போகுது. அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கோங்க."

"எனக்குக் குளிரல."

தபால்காரப் பெண் வந்தாள். கரண்ட் பில்.

வெள்ளிக்கிழமையும் நின்றேன். மூக்கு ஒழுகியது. லவோன் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், நல்லவள்தான் என்று நினைத்தேன்.

"கோட்டைப் போட்டுக்கோங்கன்னு சொன்னேன்."

"விடேன் லவோன். எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"சரி, சரி" என்றாள்.

சனிக்கிழமை பனி கொட்டியது. தும்மிக்கொண்டே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் டெல்பர்ட் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி ஜாடை செய்தான். பதினொன்றேகாலுக்குத் தபால் வண்டி வந்தது. கோழித்தீவனக் கடை விளம்பரம் ஒன்று. வேறு ஒன்றுமில்லை. அங்கேயே நின்றேன், சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. டெல்பர்ட் என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ஏங்க, ஷெட்டைக் காலி பண்ணணும்" என்று லவோன் வந்து நின்றாள். கையில் அந்தக் கோட். "இப்பவாவது போட்டுக்கோங்க."

எதிர்க்கத் தெம்பில்லை. போட்டுக்கொண்டேன். கை தன்னால் பாக்கெட்டுக்குள் போனது. ஏதோ உறை. எடுத்தேன். உள்ளே என் புது லைசென்ஸ். படத்தில் நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

"லவோன், இது எப்ப வந்துச்சு?"

"அக்டோபர் கடைசில. ஷெட் கதவுகிட்ட வந்து சொன்னேனே. புது லைசென்ஸ் வந்திருக்கு, சாம்பல் கோட் பாக்கெட்ல வச்சிருக்கேன்னு. ரேடியோவைப் பார்த்துக்கிட்டே சரி, சரின்னீங்க."

"சாவடியில சொல்லியிருக்கலாமே."

"கோட்டைப் போட்டுட்டு வாங்கன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அப்புறமும் தினம் சொன்னேன்."

லைசென்ஸைத் திரும்பப் பாக்கெட்டிலேயே வைத்தேன்.

"நான் வேண்டாம்னு போட்டது உனக்கு எப்பத் தெரியும்?"

"போடறதுக்கு முன்னாலயே தெரியும். குழாயை மாத்தச் சொன்னா மூணு மாசம் முணுமுணுப்பீங்க. பலகை நடச் சொன்னதும் சுத்தியலை எடுத்துக்கிட்டு ஓடினீங்களே."

"தெரிஞ்சுமா கோட்டைப் போடச் சொன்னே? நான் போட்டிருந்தா கோழி தோத்திருக்குமே!"

"முப்பத்திரண்டு வருஷத்துல நான் போடச் சொல்லி நீங்க எந்தக் கோட்டைப் போட்டிருக்கீங்க?"

நாற்காலியை வெளியே தூக்கி வைத்தேன். ரேடியோவில் கை வைத்ததும் தடுத்தாள்.

"அது இருக்கட்டும். பேச்சுச் சத்தம் கேட்டா நரி கிட்ட வராதாம்."

இப்போது என் ரேடியோவை ஆறு கோழிகள் கேட்கின்றன. லவோன் கதவருகே வந்து ஏதாவது சொன்னால் ஆறும் கழுத்தைத் திருப்பிக் கவனமாகக் கேட்டுக்கொள்கின்றன. நான் வெளியே நிற்கிறேன். கோட் போட்டுக்கொண்டுதான்.