பெரட்டு டீச்சரும் சுதனோட காதும்

பெட்ரோல் இல்லாம, காஸ் இல்லாம சனமெல்லாம் ரோட்டுல வரிசை கட்டிக் கெடந்துச்சே, அதுக்கு அடுத்த மழைக்குத்தான் அந்தம்மா எங்க தேயிலைத் தோட்டத்துல சின்னப் புள்ளைகளப் பாத்துக்குற புள்ளக்காம்பராவுக்கு டீச்சரா வந்துச்சு. இந்த மலை நாட்டுல அது மாதிரி ஒரு கோவக்காரி இதுக்கு முன்ன பொறக்கல, இனிமேயும் பொறக்க மாட்டா. தொரை ஏசிக் கேட்டிருக்கேன், கங்காணி ஏசிக் கேட்டிருக்கேன். இந்தம்மா ஏச்சுக்கு முன்னால அதெல்லாம் தாலாட்டு.

வட்டகொடை ஸ்டேஷன்ல எறங்கி மேட்டுல ஏறி வருது. நல்ல மழை. கக்கத்துல ஆம்பளக் கொடை, விரிக்கல. நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "கொடையப் புடிச்சுக்கிட்டு வரலாமேம்மா"ன்னேன்.

"புதுக் கொடைடா. நனைஞ்சுறாது?"

அதுதான் எங்கிட்ட பேசின மொதப் பேச்சு. இந்தம்மாவுக்குச் சம்பளமே சின்னப் புள்ளைகளுக்கு அன்பு, எரக்கம் சொல்லிக் குடுக்குறதுக்குத்தான். புள்ளக்காம்பரா சுவத்துல பூவும் பட்டாம்பூச்சியும் வரைஞ்சு 'அன்பாய் இருப்போம்'னு எழுதியிருந்துச்சாம். எனக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி திவ்யா சொன்னா. அவளுக்கும் படிக்கத் தெரியாது, நாலு வயசு. டீச்சர் சொன்னத அப்படியே சொன்னா.

அந்தம்மாகிட்ட ஒரு கோளாறு. மூக்கு ஒழுகுற புள்ளைகளுக்கெல்லாம் வாங்க போங்கன்னுதான் மரியாதை. பெரியவங்கன்னா வாடா போடாதான். ஒரு நா எம்பேத்தி சுதன்னு ஒரு பயல கையில கடிச்சிட்டா. நான் கூட்டியாரப் போயி வாசல்ல நிக்கிறேன். "திவ்யா அவங்க இங்க வாங்க. ஏங்க கடிச்சீங்க? சரி, கடிச்ச வாயாலதான் ஊதணும். எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டு ஊதுங்க"ன்னுச்சு. இவ ஊதுறா, ஊதுறா, தலை சுத்தி ஒக்காந்துட்டா. ஒடனே அந்தம்மா கடி வாங்கினவனப் பாத்து, "சுதன் அவங்க, ஊதுனவங்களுக்கு இப்ப மயக்கம் வருது. நீங்க விசுறுங்க"ன்னுச்சு. அவனும் கடிபட்ட கையாலயே விசுறுறான். நான் சிரிச்சிட்டேன். "நீ என்னாடா பல்லக் காட்டுற? அந்தத் தண்ணிய எடு!" எனக்கு அப்ப எழுவது வயசு தாண்டிருச்சு.

பெரட்டுன்னா ஒங்களுக்குத் தெரியுமோ என்னமோ. விடியக்காலையில வேலைக்காரங்கள நிப்பாட்டி, பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சு விடுறது. இந்தம்மா அதையே புள்ளைகளுக்கு வச்சுச்சு. ஆனா அவங்கவங்க பேருக்கு அவங்கவங்க பதில் சொல்லக்கூடாது. பக்கத்துல இருக்குற புள்ளதான் சொல்லணும். வந்துட்டாங்களா, சாப்பிட்டாங்களா, அழுதாங்களா, எல்லாத்தையும் கேட்டு வச்சு சொல்லணும். அதனாலதான் பெரட்டு டீச்சர்னு பேரு வந்துச்சு. சொந்தப் பேரு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது.

வெனையே அதுலதான் வந்துச்சு. ஒரு நா ஒரு புள்ள எந்திரிச்சு, "இவங்க வந்துட்டாங்க டீச்சர். ராத்திரி தூங்கல. இவங்க அப்பா குடிச்சிட்டு வந்து கோழிக்கூட்டுல படுத்துட்டாரு, கோழியெல்லாம் கத்திச்சு"ன்னு சொல்லிருச்சு. அந்த அப்பன் யாரு? எங்க தோட்டத்து சங்கத் தலைவரு! அன்னைக்கு சாயங்காலம் ரோட்டுல அந்தாளப் பாத்து டீச்சரு கத்துது: "ஏய் தலைவரே! கோழிங்க தூங்குறதுக்கு எடம் விட்டியாடா?" கொழுந்து நிறுக்குற மடுவத்துல நின்ன பொம்பளைங்க அத்தன பேரும் கேட்டுட்டாங்க. இப்படி வீட்டுக்கு வீடு ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. எம்மகன் பொண்டாட்டிய அறைஞ்சதும் வந்துச்சு. ஆம்பளைங்க பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தானுங்க.

அப்பத்தான் அந்தச் சுதன் பயலுக்குக் காதுல சீழ் வந்துச்சு. ஆத்தாக்காரி வெளிநாட்டுல, அப்பன் கொழும்புல ஒரு கடையில. அத்தை வீட்டுல வளருறான். டீச்சருதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி மருந்து வாங்கி ஊத்துச்சு. ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா ஆம்பளைங்க கோயில்ல கூட்டம் போட்டானுங்க. "நாத்தம் அடிக்குது, எங்க புள்ளைகளுக்கு ஒட்டிக்கும். அவன தனியா ஒக்கார வைக்கணும். இல்லாட்டி ஒரு புள்ளையும் வராது"ன்னு தலைவரு சொல்றாரு. எம்மகனும் தலையாட்டுறான்.

கூட்டத்துக்கு வந்திருந்த டீச்சரு கொடையத் தரையில ஒரு குத்து குத்துச்சு. "ஒங்க வாயி நாறுறதுக்கு நான் என்னைக்காவது ஒங்கள தனியா ஒக்கார வச்சனாடா?"

காதாவது மண்ணாவது! அவனுங்க குட்டு வெளிய வந்த கோவத்த எல்லாம் அந்தப் பச்ச மண்ணு காதுல கொண்டுபோயி ஊத்துனானுங்க. பெரிய மனுசனுங்களாம்.

மறுநா ஒரு புள்ளையும் போகல. எம்மகன் கதவச் சாத்தி, "தொறந்தீங்கன்னா பாருங்கப்பா"ன்னு சொல்லிட்டு மலைக்கு வேலைக்குப் போயிட்டான். லயத்துல, அதான் எங்க வரிசை வீட்டுல, நாங்க கெழடுகட்டைங்களும் புள்ளைகளுந்தான். புள்ளக்காம்பரா எங்க லயத்துக்கு நேர் மேல, மேட்டுல. பேசுனா கேக்கும். அந்தம்மா பேசுனா அங்கிட்டு தூரத்துல இருக்குற கினிகத்தேனைக்கே கேக்கும்.

"பெரட்டு!"ன்னு ஒரு சத்தம். உள்ள இருக்கிறது சுதன் ஒருத்தன்தான். அவன வச்சுக்கிட்டே எல்லாப் பேரும் கூப்பிடுது. "திவ்யா அவங்க சாப்பிட்டாங்களா?"

"தெரியல டீச்சர்."

"தெரியலன்னா கேளுங்க!"

பயபுள்ள வெளிய ஓடியாந்து, மேட்டு ஓரத்துல நின்னு கத்துறான். "திவ்யாஆ! சாப்டீங்களா?"

என் மடியில இருந்தவ துள்ளி எந்திரிச்சு, கதவு சந்துல வாய வச்சு, "சாப்டேன்! ரொட்டி!" அவன் அடுத்த புள்ளையக் கேக்குறான். அந்தப் புள்ள வீட்டுல இருந்து பதில் வருது. லயம் முழுக்க, சாத்துன கதவுக்குள்ள இருந்து ரொட்டி, சோறு, பிஸ்கட்டுன்னு சத்தம். எல்லாப் பேரும் முடிஞ்சுச்சு. அப்ப எம்பேத்தி கத்துனா: "சுதன் அவங்க சாப்டாங்களா?"

மேல இருந்து மெதுவா, "இல்ல."

அவ்வளவுதான். மிச்ச ரொட்டியக் கையில எடுத்துக்கிட்டா. "தாத்தா, கதவத் தொறங்க." "அப்பா ஏசுவாரும்மா." "தொறங்க தாத்தா, சுதன் சாப்பிடல!" தொறந்தேன். வெளிய பாத்தா ஒவ்வொரு வீடா தொறக்குது. புள்ளைங்க ஆளுக்கொண்ணக் கையில புடிச்சுக்கிட்டு மேட்டுல ஏறுது. ஒருத்தன் பச்ச உருளக்கெழங்கோட போறான். அந்தம்மா வாசல்ல நின்னு, "மெதுவா வாங்க, வழுக்கப் போவுது!"ன்னு ஏசுது. ஏசும்போதே கண்ணு நெறஞ்சு நிக்குது.

சாயங்காலம் எம்மகன் வந்து குதிச்சான், "யாரக் கேட்டு தொறந்தீங்க?"ன்னு. திவ்யா கிட்டப் போயி அவன் கையப் புடிச்சு, "அப்பா, ஒங்களுக்கு எங்க வலிக்குது?"ன்னு கேட்டா. அவன் கைய உருவிக்கிட்டு வெளிய போயிட்டான்.

சுதன யாரும் தனியா ஒக்கார வைக்கல. ஆனா தலைவரு சும்மா இருப்பாரா? ஆபீசுக்கு நடையா நடந்து, வாய்த்துடுக்குன்னு சொல்லி டீச்சர மாத்த வச்சுட்டாரு. புள்ளைகளுக்கு எரக்கம் சொல்லிக் குடுத்தவள வெரட்டிட்டு, அதே கோயில்ல சாமிக்கு விளக்கு ஏத்துறானுங்க. த்தூ!

இப்ப வட்டவளைப் பக்கம் ஏதோ தோட்டத்துல இருக்குன்னு கேள்வி. தம்பி, நீங்க அங்கிட்டெல்லாம் போறவரு. பாத்தீங்கன்னா சொல்லுங்க: சுதனுக்குக் காது ஆறிருச்சு, ஸ்கூலுக்குப் போறான், எம்பேத்தியும் அவனும் ஒரே பெஞ்சுலதான் ஒக்காருறாங்க. இத்தன நாளு கழிச்சு சொல்லி அனுப்புறானா அந்தக் கெழவன்னு கண்டிப்பா ஏசும். ஏசட்டும். என்னா ஏசுச்சுன்னு ஒரு வார்த்த விடாம வந்து எங்கிட்ட சொல்லுங்க.