இரண்டு போன்கள் பேசிய சம்பந்தம்

ஜோகுபாளையம், பெங்களூர்
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்

ஆண்டவர் அருளால் கோலார் தங்கவயலில் சுகத்தோடு இருக்கும் என் பிரியமுள்ள பெட்டி அக்காவின் சமூகத்துக்கு, தம்பி பெர்னார்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜூலியாவும் நலம். என் முழங்காலை இதில் சேர்க்கவில்லை. போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். அந்தப் போனால்தான் அக்கா இவ்வளவும்.

நம்ம ஆஷ்லி ஆபீசில் முகேஷ் என்று ஒரு பையன். ஓசூர்க்காரன், இந்துக் குடும்பம். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், சனிக்கிழமை வீட்டுக்கு வரலாமா? ஆஷ்லி விஷயமா பேசணும்" என்றான். ஆஷ்லியோ ஆபீஸ் வேலையாகப் புனேயில். பெண் கேட்டு வருகிறவனிடம் அப்பன்காரன் என்ன கேட்க வேண்டும்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்கொயரி சீட்டில் உட்கார்ந்து ஊருக்கே பதில் சொன்னவன் நான். அந்தக் காலத்தில் நம்பர் கேட்கக் கூப்பிடுகிறவர்கள் நம்பரோடு நிறுத்துவார்களா? "சார், குழந்தைக்கு விக்கல் நிக்கல, என்ன பண்றது?" எனக்கு எங்கே தெரியும், பக்கத்து நாற்காலி பாமா மேடத்தைக் கேட்பேன், அவர் அடுத்த நாற்காலியைக் கேட்பார். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்காரும் நேரத்தில் சாம்பாரில் உப்பு அதிகமாகிவிட்டதென்று ஒரு அம்மா அழுத அழுகைக்கு எங்கள் ஷிப்ட் மொத்தமும் வேலையை விட்டுவிட்டு யோசித்தது. நாங்கள் சொன்னது சரியோ தப்போ, அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இப்போ என் பக்கத்தில் நாற்காலியும் இல்லை, பாமா மேடமும் இல்லை.

இருந்தாலும் மனுஷரைக் கேட்போம் என்று கீழ்வீட்டு டெஸ்மண்டைக் கேட்டேன். "மதத்தை விடு மச்சான், பையன் தண்ணி அடிப்பானான்னு கேளு" என்றான். சொன்னபோது அவன் வாயிலிருந்தே குப்பென்று வாசனை. ஜூலியாவோ, "பையன் வரட்டும், மூஞ்சியப் பாத்தா தெரியும்" என்று முடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல், ஆஷ்லி என் போனில் போட்டுக் கொடுத்திருந்த அந்த ஏ.ஐ.யைக் கேட்டேன். அக்கா, கொட்டித் தீர்த்துவிட்டது! அவ்வளவு கேள்வி!

நேற்று பையன் வந்தான். போனைப் பேப்பர் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, "உறவில் முரண்பாடு ஏற்படும்போது அதை எவ்வாறு கையாள்வீர்கள்?" என்றேன். சமையலறையிலிருந்து ஜூலியா, "ஏங்க, நியூஸ் போட்டிருக்கீங்களா?" என்றாள். பையன் ஒரு நிமிஷம் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "முரண்பாட்டை வளர்ச்சிக்கான வாய்ப்பாகக் கருதுகிறேன் அங்கிள்" என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த கேள்விக்காகத் தடவும்போது விரல் எதிலோ பட்டு, என் போன் வாய்திறந்து, "மிக அருமையான பதில்!" என்றது. உடனே பையன் மடியிலிருந்து ஒரு பெண்குரல், "நன்றி! உங்கள் கேள்வியும் மிக ஆழமானது!" அப்புறம் ரெண்டும் ஒன்றையொன்று பாராட்டிக்கொள்கிறதே தவிர நிறுத்துகிறதாயில்லை. எப்படி அணைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, பதற்றத்தில் அவனுக்கும் தெரியவில்லை. ஜூலியா கட்லெட் தட்டோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "சம்பந்தம் அவங்களுக்குள்ளயே முடிஞ்சிரும் போல, நாம சாப்பிடலாம் வாங்க" என்றாள்.

பையனுக்கு முகமெல்லாம் வேர்வை. அதைப் பார்த்ததும் ஒக்கலிபுரத்தில் என் மாமனார் முன்னால் நான் உட்கார்ந்தது கண்முன் வந்தது. அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தார். வாங்கும்போதே அதை அவர் பேன்ட்டிலேயே கொட்டினேன். மனுஷன் இருமல் வருகிறவரை சிரித்தார். அவ்வளவுதான், ஜூலியா எனக்கு.

ரெண்டு போனையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். "ஏம்ப்பா, பயமா இருக்கா?" என்றேன்.

"ரொம்ப அங்கிள். வீட்ல இன்னும் சொல்லல. ஆஷ்லிக்குக் கோவம் வந்தா என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியாது. சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

ஜூலியா என்னைப் பார்த்தாள். நான் ஜூலியாவைப் பார்த்தேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் சாப்பிட்ட கட்லெட்டுக்குக் கணக்கே இல்லை.

ஆக, உன் மருமகளுக்குக் கல்யாணம் அக்கா! தங்கவயலில் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிடு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆண்டவரின் ஆசீர் நிறைவாய் இருக்கட்டும். ஜெபத்தில் எங்களை மறவாதே.

என்றும் உன் தம்பி,
பெர்னார்ட்

பி.கு.: யாருக்கும் சொல்லாதே! ஆஷ்லி இப்போதுதான் புனேயிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "டாடி, அவன் என்னைக் கேட்டான். யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள நீ எப்படி சரின்னு சொன்ன?" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். முகேஷோ நேற்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டான், வெள்ளிக்கிழமை நிச்சயத் தட்டோடு கிளம்பி வருகிறார்களாம். பையனைப் பிடிக்கலையா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அதை அத்தைகிட்டதான் சொல்வேன். நேர்ல" என்கிறாள். ஆகையால் இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். நீ படித்து முடிக்கிறவரை வாசலிலேயே நிற்பேன். புடவையை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பு.