அம்மன் சந்நிதியில் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த கதை

நான் அம்மனையே ஏமாற்றப் பார்த்தவள். அதுவும் பட்டப்படிப்பு முடித்த பிறகு.

தொல்லியல் மேற்படிப்புக்கு எனக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று இங்கிலாந்தில், மற்றது நம் நாட்டிலேயே வடக்கே. எனக்கு இங்கிலாந்துதான் வேண்டும். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே என்பதால், அம்மாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. மூன்று வாரம் சண்டை போட்டு அலுத்து, மலாக்காவில் எங்கள் ஊர் செலண்டார் பக்கத்து எஸ்டேட் மாரியம்மனிடம் பூக் கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் இங்கிலாந்து, சிவப்பு வந்தால் வடக்கு.

பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. (யாரும் கொடுக்கவில்லை, நானே பிடுங்கிக்கொண்டேன்.) இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்து, வெள்ளை நூலால் கட்டி, பூஜைத் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்து வந்ததும் செய்ததுதான் மகா புத்திசாலித்தனம். முடிவுதான் தெரியுமே என்று, வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு 'வரவில்லை, நன்றி' என்று மின்னஞ்சல் தட்டிவிட்டேன்.

கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். நான் கண்ணை மூடி பக்திமுகம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"சிவப்புமா," என்றார்.

ஆத்தா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் என்று நடுங்கிப்போய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் நூல் கண்ணில் பட்டது. மஞ்சள் நூல். (விண்ணப்பத்தில் 'நுணுக்கமான பார்வை உடையவள்' என்று என்னைப் பற்றி நானே எழுதியிருந்தேன்.) மற்ற பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி.

"என்னமா இது, ரெண்டும் சிவப்பா இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "நீ ரெண்டுலயும் வெள்ள வெச்சியே, அத நான் கேட்டனா? நீ குளிக்கப் போனப்ப பிரிச்சுப் பாத்தேன், பகீர்னு ஆயிருச்சு. நீ போயிட்டா அந்த வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன், சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வடக்க வேணாம்னு காலையிலயே இமெயில் அனுப்பிட்டேன்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூசாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வீட்டுலயே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் ஆத்தாள எதுக்கு லா தொந்தரவு பண்றீங்க?"

முதலில் சிரித்தது அம்மாதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "போய்த் தொல. தினம் போன் போடணும்," என்றார்.

போனேன், படித்தேன், ஒரு நாள் விடாமல் போன் போட்டேன். இப்போது மலாக்காவில்தான் வேலை. போன வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தபோது, அம்மா மறுபடியும் பூக் கேட்கலாம் என்றார். பூசாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொட்டலத்தை அவர்தான் கட்டுவார், நாங்கள் இருவரும் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் கூப்பிடும்வரை நானும் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றோம். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்தார்கள்.